எழுபத்து மூன்று வாய்

கெய்டா தாண்டி, பருத்திக் காட்டோரம்,
இரண்டாம் வகுப்பு.
நான் ஒரு வரி சொன்னால்
எழுபத்து மூன்று வாய் திருப்பிச் சொல்லும்,
தகரக் கூரை அதிரும்.
தலைமையாசிரியர் லுஹெண்டே ஜன்னலோரம் நின்று
தலையசைத்துவிட்டுப் போவார்.
நன்றாகத்தான் நடக்கிறது என்று
நானும் இருந்தேன், நான்கு வருஷம்.

அந்தச் செவ்வாய் குல்வாவுக்குக் காய்ச்சல்.
இரட்டையில் முந்திப் பிறந்தவன் அவன்,
பிந்தியவள் டோட்டோ.
பெஞ்சில் அவள் பக்கம் காலி.
பயிற்சி முடித்துத் திரும்பிய புதிது எனக்கு,
கையில் ஸ்டாப்வாட்ச்.
ஒரு பிள்ளை, ஒரு பக்கம், ஒரு நிமிடம்,
தனியாகக் கேட்டுப் பாருங்கள் என்றிருந்தார்கள்.
கூப்பிட்டேன்.

வரியின் கீழ் விரல் வைத்தாள்,
ஒழுங்காக நகர்த்தினாள்,
பாடம் பிசகாமல் வந்தது.
வேறு பாடம்.
மூன்று பக்கம் முந்தையது.

பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
இரவு, புல்வெளி, வானமெங்கும் புள்ளி.
படத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.
'ஞோட்டா' என்றாள். நட்சத்திரம்.
அச்சில் இருந்தது 'ஞோக்கா'.
பாம்பு.

ஓரெழுத்து வித்தியாசம்.
போன வருஷமாயிருந்தால்
நல்ல ஊகம் என்று முதுகில் தட்டியிருப்பேன்.
எத்தனை முதுகுகள்.
அதிலொருவன் இப்போது ஆறாம் வகுப்பில்
கடைசி வரிசையில் உட்கார்ந்து
வாயசைத்துக்கொண்டிருக்கிறான்.

அன்றிரவு தூங்கவில்லை என்று எழுதினால் பொய்.
தூங்கினேன்.
விடிந்ததும் சோடாக் கடை வாசலில் குனிந்து
மூடி பொறுக்கினேன்.

தரையில் சாக்பீஸால் நான்கு கட்டம்.
வாயை இழுத்துச் சொல்,
ஒலிக்கு ஒரு மூடி தள்ளு.
ஞ்... ஓ... க்... ஆ...
முதல் இரண்டெழுத்துக்கும் சேர்த்து ஒரே மூடி என்றதும்
'அது நியாயமில்லை' என்றாள் டோட்டோ.
நியாயமில்லைதான்.
ஒரே போர்வைக்குள் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்.
'நானும் குல்வாவுமா?'
ஆமாம்.
'அவன் உதைப்பான்' என்றாள்,
மூடியைத் தள்ளினாள்.

அப்புறம் தினமும் பத்து நிமிடம்,
ஒரே இடத்தில் தட்டுகிற ஐந்து பேர் என்னோடு.
மற்றவர்கள் இரண்டிரண்டாக,
ஒருவர் படிக்க மற்றவர் விரலைத் தொடர்ந்து,
தடுக்கினால் சொல்லித் தராமல்
மூன்று எண்ணும் வரை பொறுத்து.
(யாரும் மூன்று வரை எண்ணுவதில்லை.)
குல்வாவை வேறு பெஞ்சில் போட்டேன்.
இரண்டு நாள் அழுதது அவன்தான்.

லுஹெண்டே வந்தார்.
'சத்தமே இல்லையே, பாடம் நடக்கிறதா?'
கேளுங்கள் என்றேன்.
'எதை?'
ஒவ்வொன்றாக.
குறிப்பேட்டில் என்னவோ எழுதிக்கொண்டார்.
இன்றுவரை காட்டவில்லை.

மழைக்கு முந்தின வாரம்
அதே பக்கம்.
படத்தின் மேல் என் உள்ளங்கை.
ஞ்... ஓ...
நின்றாள்.
நான் எண்ணினேன், மூன்றைத் தாண்டியும்.
உதடு தானாக அசைந்தது.
ஞோ. க்கா.
ஞோக்கா.
ஒரு கணம் வெறும் சத்தம்.
பிறகு வீட்டுச் சுக்குமாவில்
'ந்ஸோகா!' என்று கத்தி
இரண்டு காலையும் பெஞ்சின் மேல் தூக்கிக்கொண்டாள்.
அறைக்கு அந்தப் பக்கம்
குல்வாவும் தூக்கிக்கொண்டான்.

கையை எடுத்தேன்.
புல்லுக்குள் மெல்லிய பச்சைக் கோடு,
தலை மட்டும் லேசாக உயர்த்தி.
நான்கு வருஷம் இந்தப் பக்கத்தை நடத்தியிருக்கிறேன்.
அது அங்கே இருப்பது
எனக்கும் இன்றுதான் கண்ணில் பட்டது.

கடிகாரம் சொன்னது: நிமிடத்துக்குப் பத்தொன்பது சொல்.
பயிற்சித் தாளில் கேட்டிருப்பது ஐம்பது.
பத்தொன்பது என்று எழுதினேன்,
அடிக்கோடு இல்லாமல்.

அடுத்தவன் பெயர் சிக்குஜுவா.
'எனக்குத் தெரிந்திருக்கவில்லை' என்று பொருள்.
யார் வைத்தார்களோ.
மூடிகளை ஊதித் தூசி தட்டினேன்.
வா, உட்கார்.
படத்தை அப்புறம் பார்க்கலாம்.